காலையில் மிஸ்ஸி கேட்ட கேள்வி

மலேசியாவில் எங்கள் குளுவாங் வட்டாரத்தில் டீசல் பம்ப்பு கெட்டுவிட்டதென்றால் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, பெருமையும் கொஞ்சம் உண்டு, இல்லையென்று பொய் சொல்வானேன். ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்றைக்குக் காஹாங்கிலிருந்து பண்டார் தெங்காரா வரைக்கும் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டுக்குள் ஓடுகிற டிராக்டர்களில் பாதி, என் பட்டறையில் வயிற்றைத் திறந்து காட்டியவைதான். எஞ்சினீயருக்குப் படித்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். பட்டறை முகப்பில் என் பெயரைச் சிவப்பு எழுத்தில், வேகமாகப் போகிற லாரிக்காரனும் படிக்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட என் பெயர் என் மனைவிக்கே தெரியவில்லை என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். அந்த நாளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத்தெல்லாம் நமக்குப் பழக்கமில்லை. ஆனாலும் இதை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

அவளுக்குப் பித்தப்பையில் கல். எத்தனை மாதமாக வலித்ததோ, அடுப்படியில் நின்றபடியே தாங்கிக்கொண்டாள். கண் மஞ்சளாகி, குளிர் தூக்கிப்போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஜோகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வாய் வழியாகக் குழாயை விட்டு அடைப்பை எடுத்தார்கள். கல் போனது, காய்ச்சல் போகவில்லை. ஒரு மருந்து மாற்றி இன்னொரு மருந்து ஏற்றினார்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட விலை கூடியது என்றார்கள். நான் அசரவில்லை. எது நல்லதோ அதைப் போடுங்கள், நான் யாரென்று குளுவாங்கில் விசாரித்துப் பாருங்கள் என்றேன். அங்கே யாருக்கும் விசாரிக்க நேரம் இல்லை.

அவளைப் பார்த்துக்கொண்ட பெரிய டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான். ஈப்போ பக்கம். வயது நாற்பதுக்குள் இருக்கும். என்னை வராந்தாவில் உட்கார வைத்துப் பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்து பேசினால் சேதி நல்லதில்லை என்று எனக்குத் தெரியும்.

“அங்கிள், நம்ம எல்லார் குடல்லயும் கிருமி இருக்கு. அங்க இருக்கிற வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கும். ஆன்ட்டிக்கு அது ரத்தத்துக்குள்ள போயிடுச்சு.”

“மருந்து குடுக்கிறீங்கல்ல?”

“குடுக்கிறோம். இந்தக் கிருமிகிட்ட எதுவும் எடுபடல. புதுசு புதுசா வந்த மருந்தெல்லாம் அதுக்குப் பழகிப்போச்சு.”

“எங்கேருந்து வந்துச்சு? நான் வீட்ட அவ்ளோ சுத்தமா வச்சிருக்கேன்.”

“சாப்பாட்டுல வந்திருக்கலாம், ஆஸ்பத்திரியில வந்திருக்கலாம், முன்ன எப்பவோ சாப்பிட்ட மருந்தால வளர்ந்திருக்கலாம். யாரையும் குத்தம் சொல்ல முடியாது அங்கிள்.”

அன்றைக்கே அவளைத் தனி அறைக்கு மாற்றினார்கள். கதவில் மஞ்சள் அட்டை தொங்கியது. உள்ளே போகிறவர்கள் கவுன் மாட்டி, முகமூடி போட்டு, கையுறை போட வேண்டும். வெளியே வரும்போது எல்லாவற்றையும் கழற்றித் தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவ வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தான். நம் ஆட்களுக்கு இது புரியுமா? ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்தால் வண்டி பிடித்து மைலோ டின்னோடும் ஆப்பிளோடும் குடும்பம் குடும்பமாக வந்து கட்டிலைச் சுற்றி நிற்பதுதானே வழக்கம். என் மைத்துனன் ஒரு வேன் நிறைய ஆளோடு வந்து, மிஸ்ஸி திருப்பி அனுப்பியதால் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். நர்ஸைத் தாதி என்று பத்திரிகையில்தான் எழுதுகிறார்கள். எங்களுக்கு அவர்கள் என்றைக்கும் மிஸ்ஸிதான்.

எனக்கும் அந்தக் கையுறை பிடிக்கவில்லை. தாலி கட்டிய நாளில் பிடித்த கையை ரப்பர் உறை போட்டுக்கொண்டு பிடித்தேன். சூடு மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த நாள் டாக்டர் ஒரு பழைய மருந்தைப் பற்றிச் சொன்னார். அவர் பிறப்பதற்கு முன்னாலேயே கண்டுபிடித்த மருந்தாம். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, நரம்பைத் தொடுகிறது என்று டாக்டர்கள் ஒதுக்கி வைத்துவிட்டார்களாம். அதைவிட நல்ல மருந்துகள் வந்ததால் பல வருஷம் யாரும் அதைச் சீந்தவில்லை. ஒதுக்கி வைத்ததாலேயே கிருமிகளில் பலவற்றுக்கு அது இன்னும் பழகவில்லை. இப்போது அதைத் தேடி எடுக்கிறார்கள்.

நான் எழுந்தே விட்டேன். “பழசா? என் சம்சாரத்துக்கா? டாக்டர், நான் ஒண்ணும் இல்லாதவன் இல்ல. சிங்கப்பூர்லேருந்து வரவழைங்க. புதுசு போடுங்க.”

என் மகள் பக்கத்தில் இருந்தாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவள், அன்று லீவு போட்டுப் பாலம் தாண்டி வந்திருந்தாள். “அப்பா, கொஞ்சம் உக்காருங்க. நீங்க விக்கிறதே செகண்ட் ஹேண்ட் சாமான்தானே? கஸ்டமர்கிட்ட மட்டும் பழசுதான் கெட்டின்னு சொல்வீங்க?”

“அது இரும்பு. இது உங்கம்மா.”

“அதனாலதான் டெஸ்ட் பண்ணிட்டுப் போடறாங்க பா. பேசவிடுங்க அவங்கள.”

டாக்டர் சிரிக்கவில்லை. சோதனையைப் பற்றி எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வழக்கமாக மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லையைக் கிருமி வளர்கிற கூழின் மேல் வைத்துப் பார்ப்பார்களாம். இந்த மருந்து கூழுக்குள் சரியாகப் பரவாததால் அந்தச் சோதனையை நம்ப முடியாது. எனவே சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு ஒன்றை எடுத்து, குழிக்குக் குழி மருந்தின் வீரியத்தைக் கூட்டிக்கொண்டே போய், எல்லாவற்றிலும் அவள் ரத்தத்திலிருந்து எடுத்த கிருமியை விடுவார்கள். குழி கலங்கினால் கிருமி வளர்கிறது. தெளிவாக இருந்தால் மருந்து அடக்கிவிட்டது. அது தெரிகிற வரை சும்மா இருந்தால் ஆள் தாங்காது, அதனால் மருந்தை இப்போதே ஆரம்பிக்கிறோம், முடிவைப் பார்த்துத் தொடர்வோம் என்றார்.

“பக்கத்து வார்டுல ஒருத்தருக்கு இதே மருந்து கேட்டுச்சாமே?”

“அவர் கிருமி வேற, ஆன்ட்டி கிருமி வேற அங்கிள்.”

இது எனக்கு உடனே பிடிபட்டது. என் பட்டறையிலும் இதுதான் சட்டம். பம்ப்பைச் சரி பண்ணி மேடையில் ஏற்றி ஓட்டிப் பார்க்கும்போது, டிராக்டர்காரன் தன் டிரம்மிலிருந்தே டீசல் கொண்டுவர வேண்டும். என் சுத்தமான டீசலில் பாட்டுப் பாடுகிற பம்ப்பு, தோட்டத்து டீசலில் இருமும். இதை டாக்டரிடம் விளக்கினேன். “கரெக்ட் அங்கிள், அதேதான்” என்றார். அன்று மத்தியானம் கேன்டீனில் முன்பின் தெரியாத மூன்று பேரிடம், ஒரு ஸ்பெஷலிஸ்ட் டாக்டரே என் பேச்சை ஒப்புக்கொண்டார் என்று சொல்லிவிட்டேன். பயத்தில் வாய் கொஞ்சம் கூடுதலாகவே ஓடியது.

முடிவு வந்தது. குழிகள் தெளிவாக இருந்தன. “இது ஒண்ணு மட்டும்தான் வேலை செய்யுது அங்கிள். இதுக்கு அடுத்து எங்க கையில எதுவும் இல்ல” என்றார் டாக்டர். அவளுக்கு ஏற்கெனவே சர்க்கரை வியாதி, சிறுநீரகமும் முழு பலத்தில் இல்லை. அதனால் தினமும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். நரம்பையும் கவனிக்க வேண்டும். உதடு மரத்துப்போவது, தலை சுற்றுவது, அதற்குமேல் புத்தி தடுமாறுவது. அந்தக் கட்டத்துக்குப் போனால் மருந்தை நிறுத்தியே ஆக வேண்டும்.

காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. கஞ்சி இரண்டு வாய் இறங்கியது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அதை மிஸ்ஸியிடமும் சொல்லியிருக்கிறாள். காலை வேளையில் எனக்கு உள்ளே அனுமதி இல்லை. அந்த நேரத்தில்தான் ஒரு மலாய்க்கார மிஸ்ஸி அவளைத் தட்டி எழுப்பி, தினம் அதே கேள்விகளைக் கேட்பாளாம். உங்கள் பெயர் என்ன, இது என்ன இடம், உங்கள் வீட்டுக்காரர் பெயர் என்ன.

ஒரு நாள் மத்தியானம் நான் போனபோது டாக்டர் கதவுக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தார்.

“அங்கிள், ஆன்ட்டிக்குக் குழப்பம் வந்திருக்கு. மருந்த இன்னிக்கு நிறுத்தணும்னு நினைக்கிறோம்.”

“நிறுத்தினா?”

சொல்ல வேண்டியதை முன்னமே சொல்லியிருந்தார்.

“குழப்பம்னு எத வச்சுச் சொல்றீங்க? நேத்து எங்கிட்ட நல்லா பேசினாளே?”

“அவங்க பேர சொல்றாங்க, ஆஸ்பத்திரின்னு சொல்றாங்க. வீட்டுக்காரர் பேர் கேட்டா மட்டும் பதில் வரல. ஒரு நாள் இல்ல அங்கிள், தினமும். மிஸ்ஸி மலாய்ல கேட்டது புரியலையோன்னு இன்னிக்கு நானே தமிழ்ல கேட்டேன். முகத்தச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. உதடு வேற மரத்துப்போகுதுங்கிறாங்க. மருந்து நரம்புக்குப் போயிடுச்சோன்னு பயமா இருக்கு.”

எனக்கு முதலில் தோன்றியது மருந்தைப் பற்றி அல்ல. ஊருக்கே தெரிந்த பெயர், இவளுக்கு மறந்துபோயிற்றா என்றுதான் தோன்றியது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வருகிறேன், அதற்கப்புறம் நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டு, கவுனை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

தலையணையில் சாய்ந்து கண்ணைத் திறந்துதான் இருந்தாள்.

“என்னைத் தெரியுதா?”

“ஏன், மாறுவேஷமா போட்டிருக்கீங்க? எந்த கவுனு அந்தத் தொப்பைய மறைக்கும்?”

“வெளையாடாத. என் பேரு என்ன, சொல்லு.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “காய்ச்சல் எனக்கா உங்களுக்கா?”

“டாக்டர் கேக்குறாங்க. மறந்துட்டியா, இல்லையா?”

“அந்த மலாய்க்காரப் பொண்ணும் விடிஞ்சா அதத்தான் கேக்குது. இன்னிக்கு டாக்டரும் கேக்குது. படிச்ச புள்ளைங்க கேக்குற கேள்வியா அது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து என் பெயரை நான் கேட்டதே இல்லை. கோவிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரத்தை மட்டும் சொல்லுவாள். பெயரைக் குருக்களே போட்டுக்கொள்ளுவார். பிள்ளைகளிடம் ‘உங்கப்பா’. அக்கம்பக்கத்தில் ‘எங்க வீட்டுக்காரர்’. பட்டறைக்குப் போன் அடித்தால்கூட ‘மொதலாளி இருக்காரா’ என்றுதான் கேட்பாள். இது நடந்துகொண்டே இருந்தது, நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. இல்லாத ஒன்றை எப்படிக் கவனிப்பது?

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். நிறைய வீட்டில் சொல்வதுதான். ஆனால் இவளுக்கு அது வெறும் பேச்சில்லை. இவளுடைய அக்காள் ஒருத்தி, கல்யாணமான புதிதில், தோட்டத்து லயன் வீட்டுக் குழாயடியில் பெண்கள் கிண்டல் பண்ணியதற்குச் சிரித்துக்கொண்டே புருஷன் பெயரைச் சொல்லிவிட்டாளாம். அந்த வருஷமே ரப்பர்ப் பால் வெட்டப் போன அந்தப் புருஷன் மேல் காற்றில் மரம் முறிந்து விழுந்தது. இவள் அப்போது சின்னப் பெண். அக்காளின் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

வெளியே ஓடி டாக்டரிடம் சொன்னேன். அவர் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுக் கேட்டார்.

“நிஜமாவா அங்கிள்? எங்க வீட்டுல அம்மா, அப்பாவப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. சண்டை வந்தா இன்னும் சத்தமா கூப்பிடுவாங்க. நாங்க சர்ச்சுக்குப் போற குடும்பம். எனக்கு இது தோணவே இல்ல.”

“அப்ப மருந்து?”

“நீங்க சொல்றத மட்டும் வச்சு நான் தொடர முடியாது. உதடு மரத்துப்போறது உண்மை. தெளிவா இருக்காங்களான்னு நானே பாக்கணும். வாங்க.”

டாக்டர், நான், அந்த மலாய்க்கார மிஸ்ஸி என்று மூன்று பேரும் ஒன்றாக உள்ளே போக அன்றைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். இந்த மருந்து ஒன்றுதான் உங்களைக் காப்பாற்றுகிறது, மூளைக்குப் போயிருந்தால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் வேறு வழியில்லை, அதனால்தான் கேட்கிறேன் என்றார். “காதுல மெதுவா சொன்னாப் போதும் ஆன்ட்டி. யாருக்கும் கேக்காது.”

தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று.

“சொல்லித் தொலையேன்!” என்றேன். “என் ஆயுசு குறைஞ்சா குறையட்டும். போதுமான அளவு இருந்தாச்சு.”

“அத முடிவு பண்ண வேண்டியது நீங்க இல்ல.”

மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது. நடப்பது என்னவென்று புரியாமல், பாவம், பழக்க தோஷத்தில் மறுபடி மலாயில் கேட்டாள்: ஆன்ட்டி, வீட்டுக்காரர் பெயர் என்ன?

என் மனைவி அவளை நிமிர்ந்து பார்த்துச் சந்தை மலாயில் சொன்னாள்: “அவரோட ஐசி கார்டுல பேர் போட்டிருக்கு. எடுத்துப் பாத்துக்க. உனக்குப் படிக்கத் தெரியும்ல?”

மிஸ்ஸி ‘அலாமா’ என்று சிரிப்பில் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. டாக்டருக்கும் முகமூடிக்கு மேலே கண் சுருங்கியது. ஆனாலும் அவர் விடவில்லை. என்ன கிழமை என்று கேட்டார். சொன்னாள். நேற்று யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்றார். சொன்னாள், கஞ்சியில் உப்பில்லை என்பதையும் சேர்த்து. கடைசியாக, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லுங்கள் என்றார்.

“பங்குனி, மாசி, தை, மார்கழி, கார்த்திகை...” மூச்சு வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தாள். நடுவில் ஓர் இடத்தில் நின்றாள். “தண்ணி” என்றாள். மிஸ்ஸி குழாய் வைத்த கோப்பையைப் பிடித்தாள். உறிஞ்சிவிட்டு, “ஆவணி, ஆடி, ஆனி, வைகாசி, சித்திரை” என்று முடித்தாள். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “புரட்டாசி எங்க அங்கிள்? விட்டுட்டாங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “ஐப்பசி, புரட்டாசி. தண்ணிக்கு முன்னாடியே சொல்லிட்டேன். நீதான் சரியா கேக்கல.”

உண்மைதான். மெல்லிய குரலில் அவள் சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

“எனக்கு நேரா சொல்லவே வராது ஆன்ட்டி” என்றார் டாக்டர். கையுறை போட்ட கையால் அவள் முழங்கையைத் தொட்டார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்: “நிறுத்தல. சிறுநீரகத்தப் பாத்து அளவ சரி பண்றோம். உதடு எப்படி இருக்குன்னு தினம் கேக்கிறோம். அந்தக் கேள்விய இனிமே கேக்க மாட்டோம்.”

நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன்.

மருந்து முழுசாக ஏறியது. ரத்தத்தில் கிருமி வளரவில்லை என்று முடிவு வந்தது. உதட்டு மரப்பு மருந்து நின்றதும் போனது. சிறுநீரகம் அடி வாங்கியது. பாதி திரும்பி வந்தது, மீதி வரவில்லை. இப்போது அவள் அளந்துதான் தண்ணீர் குடிக்கிறாள். அந்தக் கிருமி குடலில் இன்னும் குடியிருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எப்போதாவது மறுபடி ரத்தத்துக்குள் ஏறினால், அடுத்த தடவை இந்தப் பழைய மருந்துக்கும் அது பழகியிருக்கலாம். அப்போதும் தட்டும் குழிகளும் வைத்துச் சோதித்துத்தான் சொல்ல முடியுமாம்.

வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று நான்தான் வண்டி ஓட்டினேன். மகள் ஓட்டுகிறேன் என்றாள், விடவில்லை. நெடுஞ்சாலையில் ஏறினோம். இரண்டு பக்கமும் செம்பனை. அவள் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள்.

“நிறுத்தியிருந்தா செத்துப் போயிருப்ப. தெரியுமா உனக்கு?”

“தெரியும். அந்த டாக்டர் பொண்ணு தெளிவா சொல்லுச்சே.”

“தெரிஞ்சுமா சொல்லல?”

அவள் கண்ணாடிப் பக்கமே முகத்தைத் திருப்பினாள். கோபமாக இருக்கிறாளோ என்று நினைத்தேன். இல்லை, மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லி நான் பொழைச்சு, அப்புறம் நீங்க போய்ட்டா? அந்த வீட்டுக்குள்ள உக்காந்துகிட்டு, ஏன் சொன்னோம் ஏன் சொன்னோம்னு நான் எத்தன வருஷம் இருக்கிறது? எங்கக்கா இருந்தாளே, நீங்க பாக்கல. நான் பாத்தேன்.”

பேச்சில் என்னை மடக்கிய ஆள் குளுவாங்கில் கிடையாது. அதெல்லாம் மூடநம்பிக்கை, மரம் காற்றுக்கு விழுந்தது, உன் அக்காள் பேச்சுக்கு விழவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தன் உயிரை ஒரு பக்கமும் என் உயிரை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே ஒருத்தி முடிவெடுத்திருக்கிறாள். அவளிடம் நான் என்ன நியாயம் பேசுவது?

“மறுபடி வந்துச்சுன்னா?” என்று மட்டும் கேட்டேன்.

“வந்தாலும் சொல்லமாட்டேன்” என்றாள். “நீங்க முன்னாடியே போய் மாசத்தக் கேக்கச் சொல்லிடுங்க.”

பின்னால் ஒரு செம்பனை லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இடது பக்கம் ஒதுங்கி, அதைப் போகவிட்டேன்.